ஒரு முயலுக்கு இவ்வளவு பாடா?

எங்கள் ஊர்ப் பெயரால் அடிக்கடி ஒரு குழப்பம் வரும். சென்னையைச் சுற்றிக் காட்டுப்பாக்கம் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று மவுண்ட் – பூந்தமல்லி சாலையில், ஐயப்பன்தாங்கலுக்கும் குமணன்சாவடிக்கும் நடுவே இருக்கும் எங்கள் காட்டுப்பாக்கம், பின்கோடு 600056. இன்னொன்று ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம், பொத்தேரி, காட்டாங்குளத்தூரை ஒட்டியது, பின்கோடு 603203. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருப்பது அந்தக் காட்டுப்பாக்கத்தில். மாடு, ஆடு, பன்றி, முயல் வளர்ப்புக்கெல்லாம் அங்கே பயிற்சி தருகிறார்கள். நான் சீக்கு முயல் ஒன்றை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று தெரிந்தவர்கள், "உங்க ஊர்லேயே பெரிய பண்ணை இருக்கே சார், அங்கே கொண்டுபோய்க் காட்டலாமே" என்கிறார்கள். அது எங்கள் ஊர் இல்லை, தாம்பரத்தையும் தாண்டிப் போக வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

ஆனால் இதில் ஊர்க் குழப்பத்தைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. காட்டுப்பாக்கம் இரண்டு என்பதுபோல வளர்ப்பு முயலும் இரண்டு: பண்ணை முயல், வீட்டு முயல். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா என்று இறைச்சிக்கான இனங்களை அங்கே வளர்க்கிறார்கள். முயல் வளர்ப்பு என்றால் நம் ஊரில் பெரும்பாலும் இந்தப் பண்ணை வளர்ப்புதான். அங்கே நாள்பட்ட சளி பிடித்த முயலுக்குச் செய்வது ஒன்றே ஒன்று. கூட்டத்திலிருந்து அதைக் கழித்துவிடுவார்கள். இருநூறு முயல் வைத்திருப்பவருக்கு அது நியாயம். ஒன்றிடமிருந்து நூறுக்குத் தொற்றும். ஒற்றை முயல் வைத்திருக்கும் வீட்டில் கழிப்பதற்குக் கூட்டம் ஏது? பண்ணைக்காரரின் கணக்கை எடுத்து வந்து வீட்டில் போடக் கூடாது என்பதுதான் என் கட்சி.

எங்கள் முயலுக்குப் பஞ்சு என்று பெயர். வயது ஐந்து. பேத்தி ஆசைப்பட்டு வாங்கியது. மகன் குடும்பம் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது, வாடகை ஃபிளாட்டில் வைத்துக்கொள்ள முடியாது என்று எங்களிடம் விட்டுப் போனார்கள். மூன்று வருடமாக அதற்கு மூக்கு ஒழுகுகிறது. தும்மல், வெள்ளையாகச் சளி, அதைத் துடைத்துத் துடைத்து முன்னங்காலின் உள்பக்க முடியெல்லாம் சடை.

ஸ்னஃபிள்ஸ் என்று டாக்டர்கள் சொல்லும் இந்த நோய்க்குப் பெரும்பாலும் பாஸ்டுரெல்லா மல்டோசிடா என்னும் கிருமிதான் காரணம். பெயரில் இருப்பவர் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த லூயி பாஸ்டர். 1880 வாக்கில் அவர் ஆராய்ந்த கோழிக் காலராவை உண்டாக்குவதும் இதே கிருமி. கிராமத்தில் மாடு வைத்திருந்தவர்களுக்கு இதன் இன்னொரு வேலையும் தெரிந்திருக்கும்: மழைக்காலத்தில் மாட்டையும் எருமையையும் ஒரே நாளில் சாய்க்கும் தொண்டை அடைப்பான். முயலிடம் அது வேறு மாதிரி நடந்துகொள்கிறது. மூக்கின் உள்ளறைகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். மருந்து கொடுத்தால் அடங்கும். நிறுத்தினாலோ, வெயில் ஏறினாலோ, இடம் மாற்றி முயல் மிரண்டாலோ திரும்ப வரும்.

சளிதானே என்று விட முடியாது. முயல் மூக்கால் மூச்சு விடும் பிராணி. நம்மைப்போல வாயைத் திறந்து சமாளிக்கத் தெரியாது. மூக்கு அடைத்தால் மோப்பம் போகும். மோப்பம் போனால் தீனி எடுக்காது. தீனி எடுக்காவிட்டால் குடல் ஓட்டம் நின்றுவிடும். வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் அதனால் முடியாது. மூக்கில் தொடங்கும் நோய் வயிற்றில் போய் முடியும். அரை நாள் தின்னாமல் மூலையில் குந்தியிருக்கும் முயலை அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும்.

இதையெல்லாம் பார்ப்பவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். முதல் கேள்வி: சில நூறு ரூபாய்க்கு வாங்கிய முயலுக்கு ஆட்டோ, டாக்டர் ஃபீஸ், மருந்து என்று ஆயிரக்கணக்கில் செலவா? இரண்டாவது: எப்படியும் குணமாகப் போவதில்லையே, பிறகு எதற்கு?

முதல் கேள்விக்கு என் பதில் இது. விலை என்பது கடைக்காரருக்கும் நமக்கும் நடந்த பேச்சு. முயலுக்கு அதில் பங்கில்லை. கூண்டுக்குள் விட்ட நிமிடமே அதன் தீனி, தண்ணீர், நிழல் எல்லாம் நம் கைக்கு வந்துவிடுகின்றன. வேண்டாம் என்று இறங்கிப் போக அதற்கு வழியில்லை.

"ஏரிக்கரையில விட்டுடுங்க, பிழைச்சுக்கும்" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். பிழைக்காது. நம் புதர்க்காட்டில் ஓடும் காட்டு முயல் வேறு சாதி. அது வளை தோண்டி வாழ்வதில்லை. குட்டி பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பாதுகாக்கிறது. பிடித்து வளர்க்கக் கூடாது. கடையில் விற்பது ஐரோப்பாவின் வளை முயலின் வழிவந்தது. அதன் குட்டி கண் மூடி, முடியில்லாமல் பிறக்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வந்த ஏமாற்றம் இது. வெள்ளை முயலை ஏரிக்கரையில் விட்டால் தெருநாய்க்கு ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். பசியாலும் தாகத்தாலும் துன்பப்படும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி குற்றமும்கூட. 2018இல் வந்த செல்லப்பிராணிக் கடைகளுக்கான விதிகள் நாய், பூனையோடு முயலையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. ஆனாலும் நாய்க்கு வைத்தியம் பார்த்தால் பாசம் என்கிறோம், முயலுக்குப் பார்த்தால் பைத்தியம் என்கிறோம்.

இரண்டாவது கேள்வியை எங்கள் வயதுக்காரர்களே கேட்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. காலையில் வாக்கிங் முடித்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் எங்கள் கூட்டத்தில் மாத்திரை போடாதவர் யார்? ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு பி.பி., ஒருவருக்குத் தைராய்டு, எல்லாருக்கும் முழங்கால். எதுவும் குணமாகாது, கன்ட்ரோலில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டு, எண் கொஞ்சம் இறங்கினால் அன்றைக்கு ஒரு வடை கூடச் சாப்பிடுகிறோம். குணமாகாத உடம்புக்கு வைத்தியம் வீண் என்றால், முதலில் தூக்கிப் போட வேண்டியது எங்கள் மாத்திரை டப்பாக்களைத்தான். குணமாக்குவது டாக்டரின் வேலை. அது முடியாதபோது ஒவ்வொரு நாளையும் உபத்திரவம் இல்லாமல் நகர்த்துவது வீட்டாரின் வேலை. இரண்டாவது, முதலாவதைவிடச் சின்ன வேலை இல்லை.

ஆனால் பாசம் மட்டும் இருந்தால் போதாது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைக் கொண்டாடுகிறோம். மனசு பெரியதுதான், மயிலுக்குப் போர்வை எதற்கு என்பதும் நியாயமான கேள்விதான். முயல் விஷயத்தில் நாம் எல்லோரும் பேகன்கள். கார்ட்டூனில் பார்த்துவிட்டு கேரட்டாக ஊட்டுகிறோம். கேரட்டில் சர்க்கரை அதிகம். ஒரு சின்னத் துண்டு போதும். முயலின் சாப்பாடு புல். அதன் 28 பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் உள்ள புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். பிஸ்கட்டும் கேரட்டும் தின்று வளர்ந்த முயலுக்குப் பல் நீண்டு கன்னத்தைக் குத்தும்.

நோய் வந்தாலோ ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பது முயல் வைத்திருப்பவனுக்குத்தான் முழுசாகப் புரியும். குழந்தைக்கு வாங்கியதில் மீந்த அமாக்ஸிசிலின் சிரப்பை ஊற்றச் சொன்னார் ஒருவர். பென்சிலின் வகை மருந்தை வாய் வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, வயிற்றுப்போக்கில் உயிரே போகலாம். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு ஆபத்து. டாக்டர் எழுதாத எதையும் கொடுக்காதீர்கள். அருகில் முயல் பார்க்கத் தெரிந்த டாக்டர் இல்லையென்றால், 1903இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து கொஞ்சம் அலைச்சல்தான்.

மருந்தைவிட அதிகம் உதவுவது தினசரிக் காரியங்கள். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் தட்டில் விரித்த செய்தித்தாளை மாற்றுவேன். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா நெடி மூக்கு நோயைக் கிளறிவிடும். பழைய தாளை மடிக்கும்போதே புழுக்கையைப் பார்த்துவிடுவேன். உருண்டையாக, ஒரே அளவில், நிறைய இருந்தால் வயிறு ஓடுகிறது. சிறுத்திருந்தாலோ குறைந்திருந்தாலோ எச்சரிக்கை. மென்மையாகத் திராட்சைக் கொத்துப்போல வேறொரு வகைப் புழுக்கையும் போடும். அதைத் தானே தின்றுவிடும். அருவருக்க வேண்டாம், அதில்தான் அதற்குச் சத்து இருக்கிறது.

பிறகு நெபுலைசரில் டாக்டர் சொன்ன சலைன், பத்து நிமிடம். என் மனைவியின் வீசிங்குக்கு வாங்கிய மெஷின் மாடலேதான். முயலுக்குத் தனியாக ஒன்று. மூக்கையும் முன்னங்காலையும் வெந்நீரில் பிழிந்த துணியால் துடைப்பது மனைவியின் பொறுப்பு. அடைத்த மூக்குக்கும் வாசனை எட்டட்டும் என்று புல்லோடு நாலு புதினா, கொத்தமல்லி வைப்பாள். மருந்து அடிக்காத அருகம்புல்லைக் கழுவி உதறிப் போடுவோம். அது இருக்கும் அறையில் கொசுவத்தி, ஊதுவத்தி, சாம்பிராணி கிடையாது. வெள்ளிக்கிழமைப் புகை பூஜை அறைக் கதவோடு சரி.

சித்திரை, வைகாசிதான் கண்டம். முயலுக்கு நம்மைப்போல வியர்க்காது. பெரும்பாலும் காது வழியாகத்தான் சூட்டை இறக்கும். ஃப்ரீஸரில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையலறைத் தராசில் எடை. ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். போன வாரம் 1 கிலோ 820 கிராம். முயல் நோயை மறைக்கும் பிராணி. பயப்படும் உயிர்கள் அப்படித்தான். வாய் திறந்து சொல்லாததை எடை சொல்லிவிடும்.

எதுவரை இப்படி? இதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும். பிடிவாதமும் பாசமும் ஒன்றல்ல. தானாகத் தின்கிறதா, என் காலடிச் சத்தத்துக்கு எழுந்து வருகிறதா, மூச்சு சிரமமில்லாமல் இருக்கிறதா என்று மூன்று கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இன்றைக்கு மூன்றுக்கும் ஆமாம். மூன்றும் இல்லை என்று ஆகி, டாக்டரும் இனிமேல் வலிதான் மிச்சம் என்று சொன்னால், கருணை ஊசிக்குச் சம்மதிப்பேன். நம் அழுகையை நாலு நாள் தள்ளிப் போடுவதற்காக அது மூச்சுக்குத் திணறக் கூடாது. பணம் போகிறதே என்று முன்கூட்டியே முடிப்பதும் தப்பு, மனசு கேட்கவில்லையே என்று இழுத்தடிப்பதும் தப்பு.

பேரப்பிள்ளைகள் முயல் கேட்டால் தாத்தா பாட்டிகளுக்கு என் யோசனை ஒன்றுதான். நன்றாகக் கவனித்தால் முயல் எட்டு, பத்து வருடம் இருக்கும். ஏழு வயதுக் குழந்தை அதற்குள் பிளஸ் டூ போய்விடும். கூண்டு நம் வீட்டுப் பால்கனிக்கு வந்துவிடும். ஆகவே நம் வயதோடு பத்தைக் கூட்டிப் பாருங்கள். கூட்டிப் பார்த்தபிறகும் தைரியம் இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுவது குழந்தைக்கும் நல்லது, முயலுக்கும் நல்லது.

எனக்கு 71 ஆகிறது. நானும் ஒருநாள் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரலாம். அதனால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் டாக்டர் நம்பர், மருந்து அளவு, புல் எங்கே கிடைக்கும் என்பதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி, மாடி வீட்டுப் பையனிடம் காட்டி வைத்திருக்கிறேன். அவன் ஒரு வாரம் கூட இருந்து துடைக்கக் கற்றுக்கொண்டான். வீட்டில் நாயோ, பூனையோ, கிளியோ, முயலோ வைத்திருக்கும் நண்பர்கள் இந்தப் பக்கத்தை இன்றைக்கே எழுதி வைத்துவிடுங்கள்.