மூச்சு முட்டினால் ஓடும்!

காலையில் சென்ட்ரல் போகும் லோக்கலில் கடம்பத்தூரில் ஏறிப் பாருங்கள். மூச்சு முட்டும், அடுத்த பெட்டிக்குத் தாவத் தோன்றும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கட்டிக்குள்ளும் இதே கதைதான். கட்டி வளரும் வேகத்துக்கு ரத்தக்குழாய் ஈடுகொடுக்காது. நடுவில் மாட்டிய செல்களுக்கு ஆக்ஸிஜன் பஞ்சம். செத்தொழியும் என்றுதானே நினைப்பீர்கள்? சிலதுதான் சாகும். மற்றது 'ஹிஃப்' என்ற புரதத்தைக் கிளப்பிவிட்டு, புதுக்குழாய் இழுத்து, பக்கத்து உறுப்புக்கு மூட்டை கட்டும்! (செல் ஆக்ஸிஜனை மோப்பம் பிடிக்கும் வித்தையைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019-ல் நோபல்.)

இதில் வில்லத்தனம் என்னவென்றால், மூச்சு முட்டிய செல் கரண்ட்டுக்கும் மசியாது. அதைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர்வீச்சு வேண்டும். ஜெர்மனியில் ஹோக்கெல் குழு 1990-களில் கட்டிக்குள் ஊசி செருகியே அளந்தது. ஆக்ஸிஜன் குறைந்த பெண்களுக்கு முடிவும் மோசம்.

கரண்ட் வைக்குமுன் டாக்டர் ஹீமோகுளோபின் பார்ப்பது அதனால்தான். "எங்க வம்சத்துக்கே ரத்தம் கம்மிங்க" என்று சிரித்து மழுப்பினால், கரண்ட் பாவம், என்ன செய்யும்?