வெளுத்துப் போன வண்ணம் யாருடைய நஷ்டம்?

தமிழில் முதல் முழுநீள வண்ணப் படம் 1956-இல் வெளிவந்தது. அதைத் தந்தது சென்னை அல்ல, நமது சேலம். மாடர்ன் தியேட்டர்ஸின் “அலிபாபாவும் 40 திருடர்களும்” தான் அது. மலையாளத்தின் முதல் வண்ணப் படமான “கண்டம் பெச்ச கோட்டு” கூட 1961-இல் இதே ஸ்டூடியோவிலிருந்துதான் சென்றது. முதலாளி டி. ஆர். சுந்தரத்தின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. செட் அடித்த தச்சனும், விளக்குச் சுமந்த தொழிலாளியும் பெயரின்றிப் போனார்கள். அவர்களுடைய உழைப்பு அந்த வண்ணத்தில்தான் இருக்கிறது.

அந்த வண்ணம் இன்று என்ன ஆயிற்று?

பழைய வண்ணப் படங்களை வீட்டில் போட்டுப் பாருங்கள். வானம் நீலமாக இல்லை, வயல் பச்சையாக இல்லை. எல்லாம் ஒரே செம்மண் நிறம். காரணம் எளிது. வண்ணப் பிலிமில் மஞ்சள், கருஞ்சிவப்பு, நீலப்பச்சை என்று மூன்று சாயங்கள் உண்டு. வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் போட்டு வைத்தால் சாயம் வெளுக்கும். பெரும்பாலும் நீலப்பச்சை முதலில் போகும், சிவப்பு மிஞ்சும். சாயப்பட்டறை கண்ட சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வியாபாரிகள் செய்ததோ இன்னும் மோசம். ஓடித் தேய்ந்த பிரதியை எடுத்து வி.சி.டி. தகட்டில் திணித்து விற்றார்கள். அந்தத் தகட்டில் படத்தின் உயரம் மொத்தமே 288 வரிகள். மூலையில் கம்பெனி முத்திரை வேறு! இன்று அதே காப்பிகள் யூடியூபில் உலவுகின்றன. அகன்ற டி.வி.க்காகப் படத்தை இழுத்து, முகத்தை உப்ப வைக்கிறார்கள். அல்லது தலையையும் காலையும் வெட்டுகிறார்கள்.

“பழைய படம் அப்படித்தான் இருக்கும்” என்பார் சிலர். இது பொய். 1964-இல் வந்த “கர்ண”னைப் புதுப்பித்து 2012-இல் மீண்டும் திரையிட்டார்கள். ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஆக, வழி இருக்கிறது. லாபம் தெரிந்த படத்துக்கு மருந்து, லாபம் தெரியாத படத்துக்குக் குப்பைமேடு என்பதே முதலாளித்துவ நியாயம்.

ஆகவேதான் இது சர்க்காரின் கடமை என்கிறோம். 1964-இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பிறந்தது. 2022-இல் அதைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். புனேயில் காப்பகம் இருப்பது மட்டும் போதாது. சேலத்து வண்ணப் படங்களின் நெகட்டிவ்களையும் பிரதிகளையும் தேடி எடுத்து, குளிரூட்டிய அறையில் காக்க வேண்டும். பொதுப் பணத்தில் புதுப்பித்து, நல்ல பிரதிகளை நூலகங்களுக்கும் வீடுகளுக்கும் மலிவாகத் தர வேண்டும். தமிழ்நாடு அரசும் இதில் பங்கேற்க வேண்டும்.

கூலி கேட்கும் வேளையில் சினிமாவா என்று கேட்காதீர்கள், தோழர்களே! மில் ஷிப்டு முடிந்தும் களத்துமேட்டு வேலை முடிந்தும் வந்து, தரை டிக்கெட் வாங்கி இப்படங்களை ஓட வைத்தவர்கள் நாம். உழைப்பவன் கண்ணுக்கு மங்கிய படமே போதும் என்பதும், உழைப்பவன் வயிற்றுக்குப் புழுத்த அரிசியே போதும் என்பதும் ஒரே புத்திதான். இரண்டையும் நாம் ஏற்க மாட்டோம்.