மாணவர் குழுக்களும் கல்லூரி வாழ்வும்

தனித்து வாழ்தல் மக்கட்கு இயல்பன்று. பதினேழு, பதினெட்டு வயதில் வீட்டையும் ஊரையும் விட்டுக் கல்லூரி வாயிலை மிதிக்கும் மாணவனுக்கோ, துணை வேண்டும் என்னும் வேட்கை பசியினும் மிக்கது. இவ்வேட்கையே உலகெங்கும் மாணவர் குழுக்களைத் தோற்றுவித்தது. அக்குழுக்கள் கல்லூரியின் கூட்டு வாழ்வை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

அமெரிக்க நாட்டில் இவை பழமையானவை. 1776ஆம் ஆண்டில் வில்லியம் அண்டு மேரி கல்லூரியில் தோன்றிய 'பை பீட்டா கப்பா' என்னும் கழகமே, கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்டவற்றுள் முதலாவது. அது பின்னர்க் கல்விச் சிறப்புக்குரிய கழகமாயிற்று. அதனையொட்டி எழுந்த ஆடவர் சங்கங்களும், 1870 முதல் மகளிர்க்கெனத் தோன்றிய சங்கங்களும், தனி மனை, தனிப் பந்தி, மறைவான சடங்கு என வளர்ந்தன. பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு சங்கத்தில் இடம் பெறாதவன் வேறு துணை தேடிக் கொள்ளலாம். சிறு கல்லூரியில் அவன் எங்கே செல்வான்? உடன் பயில்வோருட் பெரும்பாலோர் சங்க மனைகளில் உண்டு உறங்கின், அழைக்கப்படாதவன் கல்லூரிக்குள்ளேயே அயலான் ஆகிறான். வில்லியம்ஸ் கல்லூரி 1962இலும், ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி 1984இலும், பௌடன் கல்லூரி 1997இலும் இச்சங்கங்களை நீக்கத் துணிந்தன. இம்மூன்றும் சிறு கல்லூரிகளே என்பது கருதத்தக்கது.

நம் நாட்டில் கிரேக்க எழுத்துச் சங்கங்கள் இல்லையே எனச் சிலர் கூறலாம். பெயர் இல்லை; பொருள் உண்டு. திருத்தணி, அரக்கோணம், திருவள்ளூர் முதலிய ஊர்களிலிருந்து வைகறையில் புகைவண்டியேறிச் சென்னைக் கல்லூரிகட்குச் செல்லும் மாணவர் பலர். திருத்தணியிலிருந்து சென்ட்ரல் நிலையம் எண்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு. நாள்தோறும் ஒரே பெட்டியில் செல்வோரிடை நட்பு முளைப்பது இயல்பே. மூத்தவன் இளையவனுக்கு இடம் பிடித்துத் தருகிறான். பழைய நூல்களைக் கொடுக்கிறான். நகரத்தார் நகைக்கும்போது அரணாக நிற்கிறான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட பிள்ளைக்கு இது சிறு நன்மையன்று. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

ஆயினும் இவ்வன்பு எவ்வாறு திரிகின்றது என்பதைக் காண்க. வழி 'ரூட்' ஆகிறது; மூத்தவன் 'ரூட் தல' ஆகிறான். பெட்டியின் சுவரைத் தட்டிப் பாடும் கானாவில் தம் கல்லூரியின் புகழ் போதாதென்று பிற கல்லூரியின் இகழும் புகுகின்றது. பகைவன் ஒருவன் இல்லையேல் குழுவுக்குப் பெருமையே இல்லை என்னும் நிலை வருகின்றது. அமெரிக்கச் சங்கத்தில் அழைக்கப்படாமையே துன்பம். இங்கோ அழைப்பை மறுக்க இயலாமையே துன்பம். வேறு வண்டி ஏது? இளையவன் விரும்பினும் விரும்பாவிடினும் அக்குழுவினன் என்றே எண்ணப்படுகிறான்.

இதன் விலை என்ன? 2024ஆம் ஆண்டு அக்டோபரில், திருத்தணிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து சென்னைக்குச் சென்று பயின்ற முதலாண்டு மாணவர் ஒருவர், சென்ட்ரல் நிலையத்தருகே வேறொரு கல்லூரி மாணவரால் தாக்கப்பட்டுச் சில நாளில் உயிர் நீத்தார். அடித்தவர்க்கும் அடிபட்டவர்க்கும் வயது ஏறக்குறைய ஒன்றே. இரு திறத்துப் பெற்றோரும் வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்க அனுப்பியவரே.

திருத்தணியோ எல்லைகளை நன்கறிந்த ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே கடைத்தெருவில் ஒலிப்பது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வூர், நெடிய போராட்டத்தின்பின் நடுவர் முடிவாலும் சட்டத்தாலும் 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இரு மாநிலங்கள் பேசித் தீர்த்துக்கொண்ட நிலத்தின் மைந்தர், இரும்புப் பெட்டிக்குள் புதிய எல்லை வரைதல் தகுமா?

காவலர் கண்டிப்பே போதும் என்பர் சிலர். கண்டிப்பு வேண்டுவதே, ஆனால் அது கைகளைக் கட்டுமேயன்றித் தனிமையைத் தீர்க்காது. துணை தேடும் இளைஞனுக்குக் கல்லூரி துணை தராவிடின் தெரு தரும். 1937இல் தாம்பரத்திற் குடியேறிய சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் செயின்ட் தாமஸ், சேலையூர், பிஷப் ஹீபர் என இல்லங்கள் உள. இல்லப் பற்றும் போட்டியும் அங்கும் உண்டு. அவற்றுக்கு ஆடுகளமும் மேடையும் உண்டு. வண்டியில் வரும் மாணவனுக்கு இத்தகைய இல்லம் ஏது? மாலை மணி அடித்ததும் அவன் நிலையத்துக்கு ஓட வேண்டும். ஆதலின் தமிழ் மன்றமும் ஆட்டமும் சொற்போரும் நண்பகலிலேயே நடைபெறுக. முதலாண்டு மாணவர் ஒவ்வொருவர்க்கும் வேற்றூர் மூத்த மாணவர் ஒருவர் துணையாக அமைக்கப்படுக. ஆண்டுக்கொரு முறையேனும் பகைக் கல்லூரி எனப்படுவதன் மாணவரை நம் விருந்தினராக அழைப்போமாக.

வள்ளுவர் நட்பைப் பற்றிய அதிகாரத்தின்பின் உடனே நட்பாராய்தலை வைத்தார். கூடிப் பழகியதனாலேயே நட்பு முற்றுப்பெறாது, ஆராய்ந்து கொள்ளல் வேண்டும் என்பது அவ்வைப்பின் குறிப்பு என்க. பாண்டி நாட்டுப் பிசிராந்தையாரும் உறையூர்க் கோப்பெருஞ்சோழனும் ஒரு வழியிற் சென்றவரல்லர், ஒருவரையொருவர் கண்டவருமல்லர். அவர் நட்போ இன்றும் நிலைபெற்றுள்ளது. நாளைக் காலை வண்டியில் பகைப்பாட்டு எழும்போது, 'போதும், நிறுத்துங்கள்' என்னும் ஒரு குரல் எழுமாயின், அக்குரலுக்குரியவனே அப்பெட்டியின் உண்மைத் தலைவன். அக்குரல் நம்முள் எவருடையதாகும்?