கடை வாசலில் மணமக்கள்: விரட்டலாமா?

சென்ற மாதம் எங்கள் வீதி வியாபாரிகள் கூடிப் பேசியபோது, "இங்கு புகைப்படம் எடுக்கக் கூடாது" என்று வீதியின் இரு முனையிலும் பலகை எழுதி வைக்க வேண்டும் என்று ஒரு யோசனை வந்தது. ஏறக்குறைய எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. "அண்ணாச்சி, உங்க கடை முன்னாடிதான் கூட்டமே. நீங்களே சும்மா இருந்தா எப்படி?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். அன்றைக்கு ஜி.எஸ்.டி. பற்றிய பேச்சே ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. பலகை விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிற்று. அதற்குள் என் தரப்பைச் சொல்லிவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

வெளியூர் வணிகர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்லிவிடுகிறேன். எனக்கு மதுரை கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரம். தாத்தா காலத்துக் கடை. சில ஆண்டுகளாக முகூர்த்த மாதங்களில் விடிந்ததும் விடியாததுமாக, நிச்சயம் ஆன பையனும் பெண்ணும் காமிராக்காரர்கள் இரண்டு மூன்று பேரை அழைத்துக்கொண்டு எங்கள் வீதிக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் தாலி கட்டி ஊர்வலம் முடிந்த பிறகு ஸ்டுடியோவுக்குப் போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்வோம். என் கல்யாணப் படத்தில் நான் முறைத்துக்கொண்டு இருப்பேன். இப்போது நிச்சயதார்த்த மண்டபத்தில் பெரிய திரை கட்டி, ஜோடியை இடம் இடமாக நிற்கவைத்து எடுத்த படங்களை ஓட்டுகிறார்கள். தட்டு மாற்றுவதைப் பார்ப்பவர்களைவிடத் திரையைப் பார்ப்பவர்கள் அதிகம். இது நல்லதா கெட்டதா என்பது அவரவர் வீட்டு விஷயம். நமக்குள்ள கேள்வி, அவர்கள் ஏன் கடை வீதிக்கு வருகிறார்கள், வந்தால் நாம் என்ன செய்வது என்பதுதான்.

"இவ்வளவு பெரிய மதுரையில் இவர்களுக்கு வேறு இடமா இல்லை?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கோயிலுக்குள் முடியாது. 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துக் கடைகள் எரிந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டே பக்தர்கள் கைப்பேசி கொண்டு போவதற்கும் தடை வந்துவிட்டது. எதிரே உள்ள புது மண்டபத்தில் தையல்காரர்களும் வளையல் கடைகளும் பாத்திரக் கடைகளும் இருந்தபோது அங்கே எப்போதும் கலகலப்பு. அவர்களும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டார்கள்.

திருமலை நாயக்கர் மகாலைத்தான் எல்லோரும் முதலில் நினைக்கிறார்கள். 1995-இல் வந்த 'பம்பாய்' படத்தில் அந்தத் தூண்களைப் பார்த்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது. ஆனால் மகால் நினைவுச் சின்னம். டிக்கெட் உண்டு, காவலர் உண்டு, பெரிய காமிராவும் ஆள் பட்டாளமுமாகப் போனால் அனுமதி கேட்பார்கள். திறப்பது காலை 9 மணிக்கு. அதற்குள் வெயில் ஏறி, முகத்தில் நிழல் கறுப்பாக விழும் என்கிறார்கள் படம் எடுக்கும் பையன்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்துகொண்டிருக்க, நடுவில் நின்று ஜோடி சிரிக்க வேண்டும்.

வண்டியூர் தெப்பக்குளம் நல்ல இடம்தான். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. பக்கத்துக்கு ஏறக்குறைய 1,000 அடி. நடுவில் மைய மண்டபம். தண்ணீர் நிறைந்திருக்கும் நாளில் படிக்கட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. ஆனால் மாலையில் ஊரே அங்கேதான் காற்று வாங்குகிறது. தைப்பூசத் தெப்பத் திருவிழா சமயம் கிட்டேயே போக முடியாது. கீழக்குயில்குடி சமணர் மலையடியில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் ஆலமரமும் இருக்கின்றன. அதற்கு மேல் பாறையில் ஏறினால் ஆயிரம் வருடத்துக்கு முந்தைய தீர்த்தங்கரர் சிற்பங்கள். அங்கே தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் காமிராவுக்கு நிலைக்கால் போட முடியாது. அது சரி என்றுதான் நான் சொல்வேன். குளத்தங்கரையோடு நிறுத்திக்கொள்வது மரியாதை.

காந்தி அருங்காட்சியகத்துக்கும் சிலர் போகிறார்களாம். ராணி மங்கம்மாளின் பழைய அரண்மனை, வெள்ளைக் கட்டடம், தோட்டம், எல்லாம் அழகுதான். உள்ளே காந்தியடிகளின் இரத்தக் கறை படிந்த துணி இருக்கிறது. அந்த வாசலில் போய்ப் பூங்கொத்துடன் நிற்க எப்படி மனம் வருகிறதோ, எனக்குத் தெரியவில்லை.

இத்தனையும் கழித்தால் மிஞ்சுவது நம் வீதிகள். டிக்கெட் இல்லை, கேட்பார் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. இதை நாம்தான் கவனிப்பதில்லை. மதுரையின் பழமை பாதிக்கு மேல் கடைகளுக்கு நடுவில்தான் கிடக்கிறது. பத்துத் தூண் சந்தில் நாயக்கர் அரண்மனையின் தூண்கள் ஜவுளிக் கடைகளுக்கு மத்தியில் நிற்கின்றன. கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து வெளி வீதிகளை உண்டாக்கிய கலெக்டர் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூணைச் சுற்றி நாள் முழுக்க வியாபாரம் நடக்கிறது. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய மேலமாசி வீதி வீடு இன்று கதர்க் கடை. நாம் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வீதியைப் பார்க்கிறோம். வீதியில் நின்று நம் கடையைப் பார்க்கிறவனுக்கு வேறு ஏதோ தெரிகிறது.

என் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல்வரிசைக் கடை, கிழக்குப் பார்த்த வாசல். காலை ஏழு மணி வாக்கில் எதிர்வரிசை மாடிக்கு மேலாக வெயில் வந்து நேராகக் கதவில் விழும். கதவு என்றால் ஷட்டர் இல்லை, பலகைக் கதவு. பன்னிரண்டு தேக்குப் பலகைகள். ஒவ்வொன்றிலும் தாத்தா உளியால் தமிழ் எண் செதுக்கி வைத்திருக்கிறார், வரிசை மாறாமல் இருக்க. இருபது வருடங்களாக அதைத் தூக்கி வைத்து எனக்கு இடுப்பு வலி மிச்சம். இந்தப் பலகைக்காகத்தான் என் வாசலில் கூட்டம் என்பதே எனக்குப் பல நாள் தெரியாது.

விரட்ட வேண்டும் என்று சொல்கிறவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். லாரி வந்து நிற்கும்போது "அண்ணே, ரெண்டே நிமிஷம்ணே" என்று குறுக்கே வருவார்கள். அந்த இரண்டு நிமிடம் அரை மணி நேரம் ஆகும். நூறு கிலோ மூடையைத் தலையில் வைத்திருப்பவரிடம், படத்தில் விழுகிறார் என்று ஒதுங்கச் சொன்னான் ஒரு பையன். இன்னொருவன் நேர்மாறாக, "நீங்க அப்படியே மூடையோட நில்லுங்க, நல்லா இருக்கு" என்றான். கூலிக்குச் சுமப்பவருக்கு நிற்க நேரம் ஏது? ஒரு நாள் அரிசி மூடைமேல் ஜோடியைச் செருப்புக் காலோடு ஏற்றி உட்காரவைத்துவிட்டார்கள். நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெண் அழுதுவிட்டது. அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. இதையெல்லாம்விட மோசம் கலர்ப்புகை. திரியைக் கிள்ளினால் சிவப்பும் நீலமுமாகப் புகை கக்கும் குழாய். சாக்கும் அட்டைப்பெட்டியும் மரப்பலகையுமாக இருக்கிற வீதியில் ஒரு பொறி போதும். திறந்து வைத்த பருப்பிலும் ரவையிலும் அந்தச் சாயம் படிந்தால் யாரிடம் போய் விற்பது?

இவ்வளவும் தெரிந்தும் நான் ஏன் கை தூக்கவில்லை என்பதற்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் மகளுக்கு நிச்சயம் செய்தோம். அவளும் படம் எடுக்க வேண்டும் என்றாள். சரி என்றேன். "நம்ம கடை வாசல்ல எடுத்துக்கட்டுமாப்பா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் வசதியானவர்கள். மிளகாய் நெடியும் சாக்குமாகக் கிடக்கிற இடத்தில் பெண் நின்று படம் எடுத்து, அதை மண்டபத்தில் நாலு பேர் பார்ப்பதா? "வேற இடமே கெடைக்கலையாம்மா உனக்கு?" என்று சொல்லிவிட்டேன். அவள் மறுபடி கேட்கவில்லை. இரண்டு பேரும் 300 கி.மீ.க்கு மேல் பயணம் செய்து புதுச்சேரி போனார்கள். கார், அறை வாடகை, காமிராக்காரர் கூலி எல்லாம் சேர்த்து ரூ.60,000 ஆயிற்று. பணத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நிச்சயத்தன்று திரையில் படம் ஓடியது. மஞ்சள் சுவர், வெள்ளை ஜன்னல், யார் வீட்டுக் கதவோ ஒன்று. அதன் முன்னால் என் மகள் சாய்ந்துகொண்டு நிற்கிறாள். படம் நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த என் மாமனார், "இது யார் வீடு மாப்பிள்ளை?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பருப்பு மூடைமேல் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிய பெண் அவள். அந்தப் பலகைகளைப் பார்த்துத்தான் தமிழ் எண் கற்றுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு என்னால் யாரையும் விரட்ட முடியவில்லை.

வாசலுக்கு வருகிற ஜோடிகளை இப்போது கொஞ்சம் கவனிக்கிறேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பிள்ளைகள். வீட்டுக்கு வேண்டிய சாமானெல்லாம் கைப்பேசியில் சொல்லி வாசலில் வாங்கிக்கொள்கிற தலைமுறை. கடை வீதிக்கு வர அவர்களுக்கு எந்த அவசியமும் இல்லை. ஒரு பெண் கொத்தமல்லி மூடையில் கை விட்டு அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இவ்வளவு வாசமா இருக்குமா அங்கிள்?" என்று கேட்டது. பாக்கெட்டில் பொடியாக மட்டும் பார்த்த பெண். இவர்களால் வியாபாரம் பெருகிவிடும் என்று சொல்லி யாரையும் நான் ஏமாற்ற விரும்பவில்லை. இரண்டு வருடத்தில் எனக்கு வந்தது மூன்று சிட்டை. ஒரு பையனின் அம்மா நிச்சயதார்த்தத் தட்டுக்கு மஞ்சள், பாக்கு, கற்கண்டு, சர்க்கரை வாங்கியவர், கல்யாணச் சமையல் சாமானுக்கும் என்னிடமே வந்தார். மற்றபடி படம் எடுத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போகிறவர்கள்தான். ஆனால் காசு செலவழித்து விளம்பரம் செய்தாலும் நம் வாசலுக்கு வராத வயதுக்காரர்கள் தாமாக வருகிறார்கள். அவர்களுக்கு நாம் முதலில் காட்டுவது தடைப் பலகையாகவா இருக்க வேண்டும்?

வேறொரு வீதியில் வாசலில் நிற்பதற்கு ஐந்நூறு, ஆயிரம் என்று வாங்குகிறார்களாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. வீதி நம்முடையதல்ல, மாநகராட்சியினுடையது. சித்திரையில் தேர் ஓடுகிற வீதி. அங்கே நிற்பதற்கு நான் எப்படி வாடகை வாங்குவது?

என் யோசனை இதுதான். மொத்தக் கடைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று காலை ஆறு மணி முதல் எட்டரை வரை தாராளமாக எடுத்துக்கொள்ளட்டும். லாரி இல்லை, சுமை இல்லை, நல்ல வெயில் இருக்கிறது. மூடிய கடைதான் படத்துக்கு அழகு என்று அவர்களே சொல்கிறார்கள். மற்ற நாட்களில் சரக்கு இறங்கும்போது கூடாது. கலர்ப்புகை எந்த நாளும் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். மூடைமேல் ஏறக் கூடாது. தொழிலாளர் யாரையாவது படத்தில் சேர்ப்பதானால் அவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், ஒரு பிரதி கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எங்கள் கடையில் சுமை தூக்குகிறவர் ஒருவர், இந்த வேலையை ஆரம்பித்த நாளிலிருந்து தன்னை யாரும் நல்லதாக ஒரு படம் எடுத்ததில்லை என்று சொல்லியிருக்கிறார். பலகை எழுதத்தான் வேண்டும் என்றால் இந்த நேரத்தையும் நிபந்தனைகளையும் எழுதி வைப்போம். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள். அவர்களும் நம்மைப் போலச் சிறு முதல் போட்டுத் தொழில் செய்கிறவர்கள்தான். நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் இது எடுபடுமா என்று தெரியாது. என் கடை வரையில் ஒரு முடிவு செய்திருக்கிறேன். இடுப்பு வலிக்குப் பயந்து பலகைகளை எடுத்துவிட்டு ஷட்டர் போடுவதாக இருந்தேன். அளவெடுத்து, முன்பணமும் கொடுத்தாயிற்று. போன வாரம் பெங்களூரிலிருந்து மகள் பேசினாள். நாத்தனாருக்கு ஆவணியில் நிச்சயமாம். படம் எடுக்க மதுரைக்கு வரலாமா என்று அந்தப் பெண் கேட்டதாம். ஷட்டர்காரரிடம் ஆவணி முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டாராம். பரவாயில்லை, கிட்டங்கிக்குப் போட்டுக்கொள்ளலாம்.