கோடு கடலின் மேலே. கேடு கடலின் அடியிலே!

பாக்கு நீரிணையைப் பற்றிப் பேசுவோர் இன்று பலர். எல்லைக்கோட்டைப் பற்றிப் பேசுகின்றனர். கச்சதீவைப் பற்றிப் பேசுகின்றனர். கடலைப் பற்றிப் பேசுவோரைத்தான் காணோம். கடலின் இயல்பை அறியாது கடற்றொழிலாளனுக்கு நீதி வழங்க இயலாது என்பது நமது துணிபு.

இது ஆழ்கடல் அன்று. கடைசிப் பனியூழியில் கடல்மட்டம் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தபோது இது தரையாகவே கிடந்தது. இன்றும் பாக்குக்குடாவின் பெரும்பகுதியில் ஆழம் பத்துப் பன்னிரண்டு மீற்றரைத் தாண்டுவதில்லை. தெற்கே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே, இராமர் அணை என வழங்கும் மணற்றிட்டுகள் வாயிலை மறித்து நிற்கின்றன. வற்றும் பெருக்கும் உண்டு. எனினும் நீர்மட்டம் ஒரு மீற்றர்கூட ஏறி இறங்குவதில்லை. வாடைக் காலத்தில் நீரோட்டம் வங்கக்கடலிலிருந்து மன்னார்க்குடா நோக்கிச் செல்கிறது. சோளகக் காலத்தில் திசை மாறுகிறது. ஆழமின்மையால் கதிரவன் ஒளி அடித்தரையை எட்டுகிறது. அங்கே கடற்புல் செழிக்கிறது. அப்புல்லிடையே இறாலும் நண்டும் கடலட்டையும் மீன்குஞ்சுகளும் வளர்கின்றன. இக்கடலின் செல்வம் அதன் அடித்தரையிலேயே இருக்கிறது.

இக்கடல் சட்டமற்ற வெளியாக என்றும் இருந்ததில்லை. நயினாதீவிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிய கலம் கெட்டால் நாலில் ஒரு கூறே அரசுக்கு. மூன்று கூறு உடையவனுக்கு. ஏனைய சரக்குக் கலமாயின் சரிபாதி. 1904இல் சங்கு குளிப்பு வழக்கொன்றில் சென்னை உயர்நீதிமன்றம், பாக்குக்குடா எவரும் புகக்கூடிய திறந்த கடல் அன்று என்று தீர்த்தது. 1914 முதல் 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை, புகைவண்டியில் வந்தோர் அங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாரை அடைந்தனர். இக்கடல் மக்களை இணைத்தது. ஆனால் முறையோடு இணைத்தது.

1974இல் இரு அரசுகளும் இங்கே கோடு கிழித்தன. அவ்வொப்பந்தத்தின் 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மரபாக அனுபவித்த உரிமைகளை மற்றவர் நீர்ப்பரப்பில் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. 1976இல் பரிமாறப்பட்ட கடிதங்களோ, ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் நீரில் மீன்பிடித்தலைத் தவிர்த்தன. இரண்டையும் எவ்வாறு இணைத்துப் படிப்பது என்று வழக்காடுவோர் வழக்காடட்டும். நாம் கேட்பது ஒன்றே: மரபுரிமை என்று வாதிடுவோர், எந்த மரபைக் கூறுகின்றனர்? பாய்த்தோணிக்கும் கைவலைக்கும் உரிய மரபு, இயந்திரத்தால் அடித்தரையைச் சுரண்டும் இழுவைமடிக்கும் உரியதாகுமா? ஆகாது!

நமது விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாற்று வேரூன்றுமுன் வயலை மீண்டும் மீண்டும் உழுபவன் எதை அறுவடை செய்வான்? இழுவைமடி கடலில் செய்வது அதுவே. போர்க்காலத்தில் கடற்றடையால் கரையில் முடங்கிக் கிடந்து, 2009இன் பின் கடன்பட்டு வலை வாங்கிய வடபுலத் தொழிலாளி, அவ்வலையை ஒரே இரவில் இழுவைப்படகுக்குப் பறிகொடுக்கிறான்.

“அவர்களும் தமிழர் அல்லரோ?” என்று கேட்பர். ஆம், தமிழரே. அவர்களுள் படகில் கூலிக்கு வருபவனும் ஏழையே. அவனைச் சுடுவது நீதியன்று. எச்சட்டமும் அதனை ஏற்காது. ஆயினும் உறவு அழிவுக்கு உரிமைச்சீட்டு ஆகாது. கச்சதீவு எவருக்குரியதாயினும், இழுவைமடி அதனைக் கடந்து நெடுந்தீவையும் தாண்டி வருகிறது. கோட்டை நகர்த்தினால் கேடு நீங்கிவிடாது.

இழுவைமடிக்கு விரைந்து முடிவு காண 2016இல் இரு அரசுகளும் இணங்கின. 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அத்தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. அச்சட்டம் நமது கரையில் இழுவைமடி இழுப்போர் மீதும் பாரபட்சமின்றிப் பாய வேண்டும். அன்றேல் பிறரிடம் நீதி கேட்க நமக்கு வாயில்லை. தமிழகத்திலோ, படகை விட்டு விலகுபவனுக்கு மாற்றுத்தொழில் உறுதிசெய்யப்படல் வேண்டும். இரு கரைத் தொழிலாளரும் நேரில் அமர்ந்து பேச வேண்டும்.

நீரிணை ஒன்றே, அதன் அடித்தரையும் ஒன்றே. அது பாழானால் இரு கரையும் பட்டினி கிடக்கும். தமிழினத்தின் பெயரால் பேசுவோர் இதனைச் சிந்திப்பார்களாக!