தங்கம் தேடும் கருவியும் தப்பான ஷூவும்

புதுக் கம்ப்யூட்டரை செட்டிங்ஸ் பக்கமே போகாமல் கடைக்காரர் கொடுத்தபடியே பயன்படுத்தலாம். பெரிய நஷ்டமில்லை. மெட்டல் டிடெக்டரை அப்படிப் பயன்படுத்தினால், காலடியில் கிடக்கும் தங்கத்தையே தாண்டிப் போய்விடுவீர்கள்.

குன்னூரில் என் அத்தை தோட்டத்தில் கம்மலைத் தொலைத்துவிட்டார். முதலில் செல்போன் ஆப் ஒன்றை முயன்றேன். வீண் வேலை! போனில் இருப்பது காந்தப்புலத்தை அளக்கும் சென்சார். அது இரும்பைக் கண்டுகொள்ளும், தங்கத்தைக் கண்டுகொள்ளாது.

பிறகு நிஜமான டிடெக்டரே வாங்கினேன். காயில் காலருகே வரும்போதெல்லாம் 'பீப்'. அட்டைக்கடிக்குப் பயந்து நான் போட்டிருந்த சேஃப்டி ஷூவின் முனையில் இரும்புத் தகடு! "இவ்வளவு காசு போட்டு உன் செருப்பைத்தான் கண்டுபிடிச்சியாடா?" என்றார் அத்தை. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் தங்கம் தேடுபவர்களும் இதனால்தான் இரும்பு முனை பூட்ஸைத் தவிர்க்கிறார்கள். நம் மலைக்கு இரும்பில்லாத சாதாரண ரப்பர் கம்பூட்ஸ் போதும். பெல்ட் பக்கிளையும் சாவிக்கொத்தையும் கூடக் கவனியுங்கள்.

அடுத்தது மண். நீலகிரியின் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம். மண்ணே சத்தம் கொடுக்கும். உலோகம் இல்லாத இடத்தில் காயிலைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி, சத்தம் மாறாத நிலை வரும்வரை 'கிரவுண்ட் பேலன்ஸ்' செய்யுங்கள். சென்சிடிவிட்டியை முழுசாக வைத்தால்தான் நல்லது என்று நினைக்காதீர்கள். இங்கே அதைக் குறைத்தால்தான் நிஜமான சிக்னல் காதில் விழும்.

என் கோபமெல்லாம் 'டிஸ்கிரிமினேஷன்' மீதுதான். குப்பையை ஒதுக்கும் வசதி என்று சொல்லி விற்கிறார்கள். சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளும் சின்னத் தங்க நகையும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். தாளை ஒதுக்கினால் தங்கமும் போச்சு! அதை நிறுத்திய பிறகுதான், பதினேழு குப்பைகளைத் தோண்டியெடுத்து, ரோஜாச் செடி அடியில் கம்மலைப் பிடித்தேன்.

விஷயம் தெரிந்ததும் கூடலூர் நண்பர்கள் இருவர், "தேவாலாவுக்குப் போகலாமா?" என்று கேட்டார்கள். ஆசை புதிதல்ல. 1879 முதல் 1881 வரை தேவாலா, பந்தலூர் பகுதியில் தங்க வேட்டை நடந்தது. லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் தொடங்கப்பட்டன. ஆஸ்திரேலிய நிபுணர் பிரஃப் ஸ்மித் 1880-இல் அறிக்கையே எழுதினார். போட்ட பணம் திரும்பவில்லை.

அங்கே தங்கம் குவார்ட்ஸ் பாறைக்குள் பொடியாகக் கலந்து கிடக்கிறது. கட்டியாக இருந்தால் டிடெக்டர் காட்டும், பொடியைக் காட்டாது. ஆகவே கருவியை நம்பிப் போகிறவர்கள் கடைசியில் பழைய சுரங்கத்துக்குள்தான் இறங்குவார்கள். மண் சரிந்து உயிரை விட்டவர்கள் உண்டு. அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றமும்கூட.

தொலைந்த நகையைத் தேட யார் கேட்டாலும் என் டிடெக்டரை இரவல் தருகிறேன், கம்பூட்ஸையும் சேர்த்து. தேவாலாவுக்கு என்றால் தரமாட்டேன்.