நங்கூரமும் தப்புக்கணக்கும்

பத்து மீட்டர் பாய்மரப் படகு வாங்குகிறவர் முதலில் ஆசைப்படுவது மின்சார விண்ட்லாஸுக்கு. பட்டனை அழுத்தினால் நங்கூரச் சங்கிலியை மேலே இழுத்துத் தரும் இயந்திரம். நல்ல வசதிதான், முதுகு தப்பிக்கும். ஆனால் அதில் பணத்தைக் கொட்டிவிட்டு, படகைப் பிடித்து நிறுத்தும் சாமான்களில் மிச்சம் பிடிக்கிறார்கள் பாருங்கள்... பி.காம். முதலாம் ஆண்டு மாணவன்கூடப் போடாத கணக்கு அது.

விண்ட்லாஸ் தூக்குவதற்கு, பிடித்து வைப்பதற்கு அல்ல. காற்றடிக்கும் இரவில் படகின் முழு இழுவையும் அதன் பல்சக்கரத்திலும் தளத்தில் முடுக்கிய நாலு போல்ட்டிலும் விழுந்தால் ஏதோ ஒன்று விட்டுக்கொடுக்கும். அதற்குத்தான் ஸ்னப்பர். ஒரு நைலான் கயிற்றைக் கொக்கியால் சங்கிலியில் மாட்டி, மறுமுனையைத் தளத்திலுள்ள வலுவான க்ளீட்டில் கட்டுவது. பலத்த காற்றில் சங்கிலியின் தொய்வெல்லாம் நிமிர்ந்து விறைத்துவிடும். அதன்பின் ஒவ்வொரு அலையும் வெட்டி வெட்டி இழுக்கும். சங்கிலி நீளாது, நைலான் நீளும். அந்த உதறலைத் தாங்குவது சில மீட்டர் கயிறு. மொத்தப் பட்டியலில் மிக மலிவான பொருளும் அதுதான்!

'நமக்கு அனுபவம் இருக்கிறது' என்பவர்களுக்கு ஒன்று. 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸில், கடல்பக்கமிருந்து வீசிய புயல் நங்கூரமிட்டு நின்ற 20-க்கும் மேற்பட்ட படகுகளைக் கரையில் ஏற்றிவிட்டது. 1968-69ல் எங்கும் நிற்காமல் உலகை ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று வந்த பெர்னார் முவாதெஸியேயின் எஃகுப் படகு 'ஜோஷுவா'வும் அதில் ஒன்று.

சரி, முழுக்கச் சங்கிலியாகவே போட்டுவிட்டால்? 8 மி.மீ. சங்கிலி மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. 60 மீட்டருக்கு 80 கிலோவுக்கு மேல். அத்தனையும் படகின் மூக்கில்! சின்னப் படகு அலையில் தலைகுனிந்து தண்ணீர் குடிக்கும். பாறையில் உரசும் அடிப்பகுதிக்கு மட்டும் சங்கிலி, மேலே நைலான் என்பதே அதற்குப் பொருத்தம். கயிறு என்றால் ஆழத்தைப்போல் ஏழு மடங்கு விட வேண்டும், சங்கிலிக்கு நாலைந்து மடங்கு போதும். தண்ணீர் மட்டத்திலிருந்து படகின் முன்முனை உயரத்தையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சங்கிலியின் உள்முனையை இரும்பு வளையம் போட்டுப் படகோடு பூட்டக் கூடாது. தளம்வரை எட்டும் கயிற்றால் கட்ட வேண்டும். நள்ளிரவில் நங்கூரத்தை விட்டுவிட்டு ஓட நேர்ந்தால், ஒரு கத்தி போதும்.